சற்குணம் நொண்டக் கூடாது

திருவண்ணாமலையில் நொண்டுவதற்கு எல்லோருக்கும் உரிமை உண்டு. சந்தேகம் இருந்தால் பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய் நின்று பார்க்கலாம். ராத்திரி முழுக்க வெறுங்காலோடு மலையைச் சுற்றிய சனம் ஒரு காலைத் தூக்கி, ஒரு காலை இழுத்து, பக்கத்து ஆளின் தோளைப் பிடித்துக்கொண்டு வாத்துக் கூட்டம் போலப் பஸ் ஏறப் போகும். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் நொண்டுவார். புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஜோடியாக நொண்டுவார்கள். ஏன் நொண்டுகிறாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

அப்பேர்ப்பட்ட ஊரில் ஒரே ஒரு மனிதர் மட்டும் நொண்டக் கூடாது என்று ஆகிவிட்டது. அவர் பெயர் சற்குணம். லாட்ஜுகளுக்குத் தண்ணீர் கேன் போடுவது அவர் வேலை. தடை போட்டது போலீஸும் இல்லை, கலெக்டர் ஆபீஸும் இல்லை. ஒரு வீடியோ.

கேன் போடும் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. லாட்ஜுகளில் லிஃப்ட் இருக்கும். ஆனால் அது ரூம் எடுத்தவர்களுக்கு. கேன்காரருக்குப் படிக்கட்டு. கேனை இடது தோளில் ஏற்றி, வலது கையால் சுவரைத் தடவிக்கொண்டே ஏற வேண்டும். இப்படியே ஏறி ஏறிச் சற்குணத்தின் உடம்பே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. போட்டோவில் நேராக நின்றாலும் போட்டோவை யாரோ கோணலாக மாட்டியது போலிருக்கும். வலது முட்டிதான் முதலில் மக்கர் செய்தது. அப்புறம் ஒரு வேப்பங்கம்பு கைக்கு வந்தது. கம்பைப் பார்த்ததும் லாட்ஜுக்காரர்களுக்கே மனசு இளகி, ரூம் பையன்களைக் கீழே அனுப்பிக் கேனை எடுத்துக்கொண்டார்கள். சற்குணம் லோடு ஆட்டோவை விட்டு இறங்காமலே வியாபாரம் நடந்தது. யோசித்துப் பார்த்தால் அதுதான் அவருடைய பொற்காலம்.

அந்தப் பொற்காலத்தை முடித்துவைத்தவர் ரொம்ப நல்ல மனிதர். பாஸ்டர் எழில்.

வேங்கிக்காலில், மாவு மில்லுக்குப் பக்கத்துச் சந்தில், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு ஹால். நல்வழி ஜெபசபை என்று பெயர். வெயில் காலத்தில் உள்ளே உட்கார்ந்தால் பிரசங்கம் இல்லாமலே நரகம் என்றால் என்னவென்று புரியும். சபையில் ஒரு நாற்பது பேர் இருப்பார்கள், அதில் பாதி ரெண்டே குடும்பம். பாஸ்டருக்கு ஒரே கவலை, சந்து முனையைத் தாண்டிச் சபையை யாருக்கும் தெரியவில்லையே என்று. வேலூரில் ஒரு கூட்டத்துக்குப் போனார். சபைகள் போனை வைத்து எப்படி ஊரை எட்டலாம் என்று அங்கே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். திரும்பி வரும்போது வட்டமாக எரியும் ஒரு லைட்டும், 'நம்ம பக்கத்துத் தெருவுல யாரு இருக்கான்னு நமக்குத் தெரியணும்' என்ற வாக்கியமும் கொண்டுவந்தார். வாக்கியம் நல்ல வாக்கியம். ஆனால் லைட்டைத்தான் முதலில் மாட்டினார்கள்.

லைட்டுக்குப் பொறுப்பு வல்லரசு. கல்யாண வீடியோ எடுப்பவன். மாலை மாற்றுவதையே மூன்று தடவை மாற்றச் சொல்லி எடுத்துப் பழகிய கை. தினமும் ஒரு வசனம், பின்னால் ஒரு சூரிய உதயம் என்று போட்டுக்கொண்டிருந்தான். அதைப் பார்த்தவர்கள் சபையார் மட்டுமே. அதிலும் பாதிப் பேர் பாஸ்டர் வருத்தப்படுவாரே என்று பார்த்தவர்கள்.

அப்போதுதான் ஒரு உபவாச ஜெப நாள் வந்தது. அன்று மத்தியானம் சற்குணத்தின் மனைவி மதிவதனி அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய் முட்டியில் ஒரு ஊசி போடவைத்திருந்தாள். சாயங்காலம் பாஸ்டர் அதே முட்டியில் எண்ணெய் பூசி, கை வைத்து, தொண்டை கம்மக் கம்ம ஜெபித்தார். ஜெபம் முடிந்து சற்குணம் எழுந்தார். வலி இல்லை. நிஜமாகவே இல்லை. காலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். கம்பு கையை விட்டு விழுந்தது. அழுதுகொண்டே மேடை வரை நடந்தார். சபையே அழுதது. ஊசியை அவர் மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. கர்த்தர் ஊசி வழியாக வந்தாரா, எண்ணெய் வழியாக வந்தாரா என்று அந்த நேரத்தில் யார் விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.

பாஸ்டர் வெளியூரிலிருந்து வந்திருந்த போதகர்களை வழியனுப்ப வாசலுக்குப் போனார். வல்லரசு தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

“அங்கிள், போன்ல மெமரி ஃபுல் ஆயிடுச்சு. பதியல. இன்னொரு வாட்டி அதே மாதிரி நடந்து வர்றீங்களா?”

வந்தார். பாதி வழியில் ஒரு குழந்தை குறுக்கே ஓடியது.

“ஒன்ஸ் மோர் அங்கிள். கம்பை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடுங்க. முகத்தை மட்டும் லைட்டு பக்கம்.”

மூன்றாவது தடவை நடக்கும்போது முட்டிக்குள் யாரோ திருப்புளியை விட்டுத் திருகியது போல் இருந்தது. சற்குணம் கண்ணை இறுக்கி மூடி, பல்லைக் கடித்து, முகத்தை லைட்டுப் பக்கம் திருப்பினார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

“சூப்பர் அங்கிள். இதான் ஓகே,” என்றான் வல்லரசு.

அந்த மூன்றாவது நடைதான் உலகத்தைச் சுற்றியது. 'கம்பை வீசிய கேன்காரர்' என்று தலைப்பு, பின்னால் உருகும் வயலின். நாற்பது பேர் கொண்ட சபையின் வீடியோவை லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். துபாயிலிருந்து ஆமென் போட்டார்கள், மலேசியாவிலிருந்து போட்டார்கள். அந்தக் கண்ணீரைப் பார்த்துப் பெங்களூரில் ஒரு அம்மா தானும் அழுததாகக் குரல் செய்தி அனுப்பினாள். பாஸ்டர் அதைச் சபையில் போட்டுக்காட்டிவிட்டுத் தானும் அழுதார். கம்பைச் சிவப்பு ரிப்பன் கட்டி மேடைக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினார்கள். ஒவ்வொரு ஞாயிறும் சற்குணம் முதல் வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்தார். மற்றவர்கள் அதில் அற்புதத்தைப் பார்த்தார்கள். அவருக்கு அது கம்பாகத்தான் தெரிந்தது. நல்ல கம்பு. கைப்பிடி தேய்ந்து அவர் உள்ளங்கைக்கென்றே செய்தது போல் இருக்கும். எட்டிப் பிடிக்கும் தூரம்தான். பிடிக்க முடியாது.

வாடகைக் கட்டிடத்தில் ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்த ஹால் ஓனர்கூட அந்த ஆணிக்கு ஒன்றும் சொல்லவில்லை.

வீடியோ வந்த மறுநாளே லாட்ஜில் ரிசப்ஷன்காரர் போனைத் தூக்கிக் காட்டினார். “இன்னாபா, நீயா இது? சும்மா ஹீரோ மாதிரி வர்ற. சரி, மூணாவது மாடிக்கு நாலு கேன், மொட்டை மாடிக்கு ரெண்டு. பையனுங்கள அனுப்பலை. உனக்குத்தான் சரியாயிடுச்சே.”

சற்குணம் ஏறினார். மூன்றாவது மாடித் திருப்பத்தில் யாரும் இல்லையே என்று சுவரில் சாய்ந்தார். மேலே ஒரு கேமரா சிவப்புக் கண்ணை முழித்துக்கொண்டு பார்த்தது. நிமிர்ந்துகொண்டார்.

நொண்டாமல் நடக்க ஒரு வழி கண்டுபிடித்தார். ரொம்ப மெதுவாக, கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தால் நொண்டல் தெரியாது. ஊர் அதையும் விடவில்லை. “ஜெபத்துல குணமானேன்னு சாட்சி சொன்னதுல இருந்து நடையில ஒரு கம்பீரம் வந்துடுச்சு பாரு,” என்றது. ஆரணியில் ஒரு சபை கூப்பிட்டது, போளூரில் ஒரு சபை கூப்பிட்டது. போன இடமெல்லாம், “பிரதர், கொஞ்சம் நடந்து காட்டுங்க.” சர்க்கஸ் யானைக்காவது நாற்காலி போடுவார்கள்.

சபையிலும் புது முகங்கள் வர ஆரம்பித்தன. பாஸ்டர் ஒவ்வொரு புது முகத்தையும் கையைப் பிடித்து உட்கார வைத்து, சற்குணத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் பெரிய பூட்டு. வலிக்கிறது என்று சொல்லலாம் என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு வந்து முன்னால் நிற்கும்.

வீட்டில் கதவைச் சாத்திவிட்டுத்தான் மதிவதனி எண்ணெய் தேய்த்தாள். சாத்தாவிட்டால் வாசனை சந்து வரை போய்ச் சாட்சியைக் கெடுத்துவிடும்.

“போய் சொல்லேன்யா அந்த பாஸ்டர்கிட்ட. கடிச்சா துப்பிடுவாரு?”

“அவரு மூஞ்சியைப் பாத்தா வர மாட்டேங்குது மதி.”

“அவரு மூஞ்சிக்காக உன் முட்டியைத் தேய்க்கறியா? நல்ல கதை.”

வெளியே விஷயம் தெரிந்த ஒரே ஆள் மஸ்தான் பாய். லாட்ஜுக்குப் பின்பக்கச் சந்தில் டீக்கடை வைத்திருந்தார். அந்தச் சந்துக்குக் கேமரா கிடையாது, ஜன்னல் கிடையாது. அங்கே வந்ததும் சற்குணம் கடைவாசல் வரை ஆசை தீர நொண்டுவார். முதல் நாளே பாய் கண்டுபிடித்துவிட்டார்.

“வீடியோ பாத்தேன்,” என்றார், டீயை ஆற்றிக்கொண்டே. “எல்லாரும் நீ அழுவறேன்னு நெனச்சிக்கினு இருக்காங்க. அது அழுவை இல்லபா. வலி. நானும் அஞ்சு வேளை முட்டி போடறவன், எனக்குத் தெரியாதா?”

சற்குணம் பெஞ்சில் காலை நீட்டினார். பாய் சர்க்கரையை ஒரு ஸ்பூன் ஜாஸ்தியாகவே போட்டார். அந்தச் சந்தில் அவர் செய்த வைத்தியம் அவ்வளவுதான்.

இந்த நிலையில் சற்குணத்துக்கு மாதத்தில் ஒரே ஒரு விடுதலை நாள் இருந்தது. பௌர்ணமிக்கு மறுநாள். ஊரே நொண்டும் நாளில் ஒரு நொண்டல் கூடினால் யாருக்குத் தெரியும்? காலையில் லாட்ஜ் வேலையை முடித்துவிட்டு, வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டு, கூட்டத்தில் கலந்துவிடுவார். வேண்டுமென்றே. டீ வாங்க, வெற்றிலை வாங்க, ஒன்றும் வாங்காமல் இருக்க. கூட்டத்தோடு கூட்டமாக, வலது காலை இழுத்து இழுத்து, முகத்தைச் சுளித்து, 'அப்பாடா', 'அம்மாடி' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு. யாரோ ஒரு திருச்சிக்காரர் தோளைப் பிடித்து, “இன்னும் கொஞ்ச தூரம்தான், தைரியமா வாங்க சார்,” என்பார். சற்குணத்துக்குக் கண் கலங்கும். அவர் வலியை ஒத்துக்கொண்டு ஒருவர் பேசி எத்தனை நாளாயிற்று.

அப்படி ஒரு பௌர்ணமி மறுநாள். அம்சமாக நொண்டிக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு பைக் வந்து நின்றது. வல்லரசு.

அவன் அவர் காலைப் பார்த்தான். சுற்றி நொண்டும் கூட்டத்தைப் பார்த்தான். கூட்டத்தில் வெறுங்காலோடு நின்ற சற்குணத்தைப் பார்த்தான். செருப்பு வண்டியில் இருந்தது. பாவம், செருப்பு போட்டால் அவர் உடம்பு இன்னும் சாயும்.

“அங்கிள்,” என்றான், குரலைத் தாழ்த்தி. “நீங்க கிரிவலம் போனீங்களா?”

இல்லை என்றால், அப்புறம் ஏன் நொண்டுகிறீர்கள் என்பான். ஆமாம் என்றால் சபையின் முதல் வரிசைச் சாட்சிக்காரர் ராத்திரி முழுக்க மலையைச் சுற்றினார் என்று ஆகும். அந்தப் பக்கம் போனால் கிணறு, இந்தப் பக்கம் போனால் குளம்.

“கேன் போடணும், வரேன்,” என்று சொல்லிவிட்டுக் கல்யாண மாப்பிள்ளை நடையில் கிளம்பினார். கேன் ஒன்றும் கையில் இல்லை.

மத்தியானத்துக்குள் சபை வாட்ஸ்அப் குழுவில், பெயர் போடாமல், 'நம்மில் ஒரு சகோதரருக்காகப் பாரத்தோடு ஜெபிப்போம்' என்று வந்தது. பெயர் போடாததால் எல்லோருக்கும் யார் என்று தெரிந்துவிட்டது. ஆமென், ஆமென் என்று கையெடுத்துக் கும்பிடும் படங்களாக விழுந்தன. சற்குணமும் பார்த்தார். ஒன்றும் போடாவிட்டால் சந்தேகம் வருமே என்று அவரும் ஒரு ஆமென் போட்டார்.

மஸ்தான் பாய் விஷயத்தைக் கேட்டுவிட்டு டீ வடிகட்டியைக் கீழே வைத்துச் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

“ரெண்டே வழிதான். மலையைச் சுத்தினேன்னு சொல்லு, இல்ல முட்டி வலிக்குதுன்னு சொல்லு. உங்க கணக்குல எது கம்மி தப்போ அதைச் சொல்லிடு.”

“ரெண்டும் வேணாம் பாய். இப்படியே இருந்துடறேன்.”

“எப்படியே? நீ இப்ப எப்படி இருக்கேன்னு நெனைக்கிற?”

அன்று சாயங்காலம் பாஸ்டரே வீட்டுக்கு வந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு, முட்டியோடு முட்டி ஒட்டும்படி உட்கார்ந்து, “பிரதர், மனசுல எதாவது கஷ்டமா? அதான் மலைப்பக்கம் போனீங்களா?” என்றார்.

மதிவதனிக்குப் பொறுக்கவில்லை. “இவரா மலையைச் சுத்தினாரு? கட்டிலைச் சுத்தி அந்தப் பக்கம் வர்றதுக்கே விடிஞ்சிடுது.”

பாஸ்டர் அதை நகைச்சுவை என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு. சற்குணம் வாயைத் திறந்தார், மூடினார்.

“நான் யாரையும் தப்பா நினைக்க மாட்டேன் பிரதர். ஞாயித்துக்கிழமை மட்டும் முன்வரிசைக்கு வந்துடுங்க. அடி அண்ணாமலைல இருந்து ஒரு சிஸ்டர் வர்றாங்க. உங்க வீடியோ பாத்துட்டு. உங்களைப் பாக்கணுமாம்.”

ஞாயிற்றுக்கிழமை. மாவு மில் லீவு என்பதால் பாட்டு நன்றாகக் கேட்டது. சற்குணம் முதல் வரிசையில், கம்புக்கு எதிரே. ஆட்டோவில் வந்து இறங்கியவள் பெயர் வினோதினி. நாற்பதைத் தொட்டிருப்பாள். கிரிவலப் பாதையில் கொய்யாப் பழத்தை நறுக்கி மிளகாய்த்தூள் போட்டு விற்பவள். நாளெல்லாம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தே ரெண்டு முட்டியும் போய்விட்டது. கையில் அலுமினியக் கம்பு. சற்குணத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“அண்ணா, உங்களைப் பாக்கத்தான் வந்தேன். உங்க வீடியோவைத் தினம் ஒரு வாட்டி பாத்துடுவேன்.”

“அப்படியாம்மா,” என்றார் சற்குணம்.

“பெரியாஸ்பத்திரியில ஊசி போட்டுக்கினு இருந்தேன். நிறுத்திட்டேன்.”

சற்குணம் நிமிர்ந்து உட்கார்ந்தார். “யாரு நிறுத்தச் சொன்னா?”

“யாரும் சொல்லல. நீங்க வீசினீங்க இல்ல?” அவள் அதை ஒரு சாதாரணக் கணக்கு போலச் சொன்னாள்.

பாட்டு முடிந்தது. நேரலை ஓட ஆரம்பித்தது. பாஸ்டர் ஜெபித்தார். வல்லரசு தரையில் ரெண்டு இடத்தில் வெள்ளை டேப் ஒட்டி வைத்திருந்தான். “அக்கா, இந்த டேப்புல நின்னு கம்பைப் போட்டுட்டு அந்த டேப் வரைக்கும் வாங்க. முகம் லைட்டு பக்கம் இருக்கட்டும்.” சுவரில் சிவப்பு ரிப்பன் கம்புக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி தயாராக இருந்தது.

வினோதினி கம்பைப் போட்டாள். அலுமினியம் தரையில் விழுந்து ஹால் முழுக்கக் கணீரென்றது. முதல் அடி வைத்தாள். சபை கை தட்டியது. இரண்டாவது அடியில் கண்ணை இறுக்கி மூடினாள். பல்லைக் கடித்தாள். கண்ணீர் பொலபொலவென்று வந்தது. யாரோ 'ஸ்தோத்திரம்' என்று அழுதார்கள்.

சற்குணத்துக்கு அந்த முகம் தெரியும். அவருடைய முகம்தான். மூன்றாவது நடையின் முகம்.

எழுந்தார். மாப்பிள்ளை நடையெல்லாம் மறந்துவிட்டது. அவசரத்தில் வலது கால் இழுபட, தோள் ஒரு பக்கம் குத்த, முழு நொண்டலாக, சபைக்கும் லைட்டுக்கும் போனுக்கும் நடுவே நொண்டிக்கொண்டு போய், கீழே கிடந்த கம்பை எடுத்து வினோதினியின் கையில் திணித்தார்.

“பிடிம்மா. விழுந்துடப் போற.”

வல்லரசு போனை மெல்லச் சுவர்ப் பக்கம் திருப்பினான்.

“திருப்பாத,” என்றார் பாஸ்டர்.

வல்லரசு மறுபடி இந்தப் பக்கம் திருப்பினான். பாஸ்டர் சற்குணத்தின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். “எப்பத்துல இருந்து பிரதர்?”

“அன்னைக்கே பாஸ்டர்.”

“அன்னைக்கு வலிக்கலைனு சொன்னீங்களே.”

“வலிக்கல. சத்தியமா வலிக்கல. முதல் வாட்டி நடந்தப்ப வலிக்கல. மத்தியானம் ஊசி போட்டிருந்தேன், நீங்களும் ஜெபிச்சீங்க, எதனாலன்னு எனக்குத் தெரியாது. மூணாவது வாட்டி நடந்தப்பதான் பிடிச்சிக்கிச்சு.”

“மூணு வாட்டியா?” பாஸ்டர் வல்லரசைப் பார்த்தார்.

“முதல் வாட்டி மெமரி ஃபுல் பாஸ்டர்,” என்றான் வல்லரசு, டேப்பைப் பார்த்தபடி.

பின்வரிசையில் ஒரு குரல், ஆவலை அடக்க முடியாமல், “அப்போ கிரிவலம்?” என்றது.

“இந்தக் காலை வெச்சிக்கினா?” என்றாள் மதிவதனி, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

ஒரு ஓரத்தில் சிரிப்பு கிளம்பியது. பாஸ்டர் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு அவர் முகத்திலிருந்து போய்விட்டிருந்தது. எதற்குப் பயந்து இத்தனை நாள் நிமிர்ந்து நடந்தாரோ, அது கண்ணெதிரே நடப்பதைச் சற்குணம் பார்த்தார். வலித்தது. முட்டி அளவுக்கு இல்லை.

வினோதினி மட்டும் இன்னும் அதே இடத்தில், கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அப்ப எனக்கு சரியாவாதா அண்ணா?”

“தெரியலம்மா. எனக்கே தெரியல. ஊசியை நிறுத்தாத, அதான் சொல்ல வந்தேன்.”

பாஸ்டர் மேடையை விட்டு இறங்கி வந்தார். தானே ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தார். இன்னொன்றைச் சற்குணத்துக்குப் போட்டார். நேரலை போனுக்கு முன்னால் போய் நின்றார். இதற்கு என்ன சொல்வது என்று வேலூரில் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

“நாங்க ஒரு வீடியோ போட்டோம்,” என்றார். “அதைப் பாத்துட்டு யாராவது மாத்திரையோ ஊசியோ நிறுத்தியிருந்தா, தயவு செஞ்சு நாளைக்கே டாக்டரைப் போய்ப் பாருங்க. ஜெபம் நாங்க பண்றோம், அதை விட மாட்டோம். வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொல்லுங்க. எங்ககிட்ட சொல்ல முடியாம ஒருத்தர் முதல் வரிசையிலேயே உட்கார்ந்திருக்காரு, எனக்குத் தெரியல.” நாற்காலிகளைக் கையால் காட்டினார். “இவங்க ரெண்டு பேரையும் நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். பக்கத்துல யார்கிட்டயாவது வண்டி இருந்தா கீழ எழுதுங்க.”

எழுத்துகள் விழ ஆரம்பித்தன. முதலில் ஆமென். அப்புறம் ஆமென். அப்புறம் துபாயிலிருந்து ஆமென். வல்லரசு உதட்டைக் கடித்துக்கொண்டு கீழே கீழே தள்ளினான். அப்புறம் ஒன்று: 'நான் சபைக்குப் பின் தெருதான். கார் இருக்கு. எத்தனை மணிக்கு வரணும்?' எழுதியவர் பெயர் சபையில் யாருக்கும் தெரியவில்லை. இத்தனை வருடமாகப் பின் தெருவில் இருந்திருக்கிறார்.

கூட்டம் முடிந்ததும் சற்குணம் சுவரருகே போனார். யாரையும் கேட்கவில்லை. கம்பை ஆணியிலிருந்து எடுத்தார். ரிப்பனை அவிழ்த்துப் பார்த்தார், முடிச்சு இறுகிப் போயிருந்தது. அப்படியே ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார். உள்ளங்கை அதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

வல்லரசு அன்றே பழைய வீடியோவைச் சபைப் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டான். மறுநாள் மூட்டு டாக்டர் ஊசியோடு, படி ஏறக் கூடாது என்று ஒரு தடையும் போட்டார். சற்குணத்துக்கு இந்தத் தடை பிடித்திருந்தது.

அதற்கடுத்த நாள் லாட்ஜுக்குப் போனார். சிவப்பு ரிப்பன் கம்பை ஊன்றிப் படிக்கட்டின் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். “பையனுங்கள அனுப்புங்க. ஏற முடியாது, முட்டி வலிக்குது.”

ரிசப்ஷன்காரர் நம்பவில்லை. போனைத் தூக்கிக் காட்டினார். உள்ளூர் வாட்ஸ்அப் குழுவில் இல்லை, அவருடைய மாமியார் ஊர்க் குழுவில், அன்று காலையில்தான் வந்ததாம். வயலின் உருகியது. சற்குணம் கம்பை வீசிவிட்டு நிமிர்ந்து நடந்து வந்துகொண்டிருந்தார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து நடக்க ஆரம்பித்தார்.

“இன்னாபா, இதுல இப்படி நடக்கிறியே?”

சற்குணம் போனைப் பார்த்தார். லைட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிப் பல்லைக் கடிக்கும் அந்த ஆளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவரை உட்காரச் சொல்ல ஆள் இல்லை.

“அவரு நடக்கட்டும்,” என்றார். “கேனைக் கீழ வந்து எடுத்துக்கச் சொல்லுங்க.”